ஓடாத மிஷினும் பத்துப் பேரும்

எங்கள் சலவை நிலையத்துக்கு ஒரு நாளைக்கு நாலாயிரம் படுக்கை விரிப்புகள் வரும். மூன்று ஆஸ்பத்திரிகள், ஐந்து ஓட்டல்கள். அழுக்காக வருவது பின்வாசல் வழியாக, வெளுத்துப் போவது முன்வாசல் வழியாக. நடுவில் அறுபது பேர் நாங்கள்.

நான் பதினோரு வருடம் மடிப்பு மேஜையில் நின்றவள். ஒரு விரிப்பை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஒரு உதறு உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி சேர வேண்டும். என் ஜோடிக்கு நெட்டை என்று பெயர். நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அவள் உயரத்துக்கு நானும் என் குள்ளத்துக்கு அவளும் பழகிக்கொள்ளவே ஒரு வருடம் பிடித்தது. அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு மடிப்போம். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும்.

சங்கம் தொடங்கியது ஓர் ஊசியால். அழுக்குத் துணி பிரிக்கும் இடத்தில் ஒரு பெண்ணுக்கு, ஆஸ்பத்திரி விரிப்புக்குள் சுருண்டு கிடந்த ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. யாருக்குப் போட்ட ஊசியோ, என்ன வியாதியோ. ஆறு மாதம் அவள் ரத்தப் பரிசோதனைக்கு நடையாய் நடந்தாள். ஒன்றும் இல்லை என்று கடைசிக் காகிதம் வந்த அன்றைக்கு, பிரிக்கும் இடத்தில் எல்லோரும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதோம். மேஸ்திரி மட்டும், "பாத்து எடுத்தா ஏன் குத்துது?" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அடுத்த வாரமே தடித்த கையுறை கேட்டு ஒரு மனு எழுதினோம். அதில் கையெழுத்துப் போட்ட பத்தொன்பது பேர்தான் சங்கம்.

என்னைச் செயலாளர் ஆக்கியதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. மனுவை எழுதியது நான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"படிக்கும்போது டீச்சர் பாராட்டினாங்கன்னு பெருமைப்பட்டியே, இப்ப பாரு, அதுவே உன்னை எங்க கொண்டு வந்து விட்டிருக்குன்னு," என்றார் என் வீட்டுக்காரர். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நாலு மாதத்தில் கையுறை வந்தது. அதோடு விட்டிருந்தால் நிர்வாகத்துக்கு எங்கள் மேல் அவ்வளவு கோபம் வந்திருக்காது. இஸ்திரி உருளைக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்க வேண்டும், விரல் உள்ளே போகாமல். எங்கள் உருளையில் அது கழன்று விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அரசாங்கத்துப் பாதுகாப்பு அதிகாரி வந்தபோது சங்கத்தின் சார்பில் நான் அதைச் சுட்டிக் காட்டினேன். அதிகாரி எழுதிவிட்டுப் போனார். நிர்வாகத்துக்குக் கண்டனம் வந்தது. நிர்வாகம் அந்தக் கண்டனத்தை அப்படியே மெக்கானிக்கின் தலையில் கட்டியது.

மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் சொல்வோம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு சின்ன ஸ்பேனர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒல்லியான மனிதர், ஐம்பது வயசுக்கு மேல். மிஷின்களோடு பேசுவார், மனிதர்களோடு அவ்வளவாகப் பேச மாட்டார். அந்தத் தடுப்புக்குப் புது கொக்கி வேண்டும் என்று அவர் இரண்டு தடவை எழுதிக் கேட்டிருந்தாராம். எனக்கு அது தெரியாது. மெமோ மட்டும் அவருக்கு வந்தது. இருபது வருடத்தில் அவர் வாங்கிய முதல் மெமோ. அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நான் எதிரே வந்தால் ஏதோ குழாய் ஒழுகுகிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டே போய்விடுவார். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

அந்த நேரத்தில்தான் புது மடிப்பு மிஷின் வந்தது. பெரிய மரப்பெட்டியில் வந்து இறங்கியதை நாங்களே பார்த்தோம். அடுத்த மாதம் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"காலம் மாறுது. நாமும் மாறணும். மிஷின் வந்த பிறகு கைமடிப்புக்கு இத்தனை பேர் தேவைப்படாது. வருத்தமான முடிவுதான். பத்துப் பேரை விடுவிக்க வேண்டியிருக்கு. யார் யாருங்கறதை நாங்க முடிவு பண்ணல, மதிப்பெண்தான் முடிவு பண்ணும்," என்றார்.

பள்ளிக்கூடத்தை விட்டு இத்தனை வருடம் கழித்து எங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். வருகை, வேகம், தரம், ஒத்துழைப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்து. மறுநாள் காலை என்னை அறைக்குள் கூப்பிட்டார்கள். மேஜையின் மேல் என் தாள் இருந்தது. வருகை பத்து, வேகம் ஒன்பது, தரம் ஒன்பது. ஒத்துழைப்பு பூஜ்யம்.

"ஒத்துழைப்புன்னா என்ன சார்?" என்று கேட்டேன்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஒரு பொதுவான மனோபாவம்."

"நான் பதினோரு வருஷமா இன்னொருத்தியோட சேர்ந்துதான் சார் ஒவ்வொரு விரிப்பையும் மடிச்சிருக்கேன். தனியா மடிக்கவே முடியாது. எனக்கா ஒத்துழைப்பு பூஜ்யம்?"

 கண்ணாடி ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் மேனேஜர் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற காவலாளி என்னோடு அலமாரி வரைக்கும் வந்தான். ஒரு ஜோடி செருப்பு, ஒரு தண்ணீர்ப் பாட்டில், என் பெரிய மகள் மூன்றாம் வகுப்பில் வரைந்து கொடுத்த படம். அவ்வளவுதான் என் பதினோரு வருடம். பின்பக்கம் லாரி நின்றிருந்ததால் என்னை முன்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெளுத்த துணிகள் போகிற வாசல். அந்த வழியாக நான் நடந்தது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்து பார்த்தால் என்னைப் போல இன்னும் ஒன்பது பேர். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சங்கக் கமிட்டி ஏழு பேரும் இருந்தோம். சங்கக் கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிற இரண்டு பேரும் இருந்தார்கள். ஊசி குத்திய பெண் கமிட்டியில் இருந்ததால் அவளும் இருந்தாள். பத்தாவது ஆள் மட்டும் வித்தியாசம். அவள்தான் கீச்சு.

கீச்சு சங்கத்தில் சேராதவள். சேராதது மட்டுமில்லை, சேர்ந்தவர்களைக் கண்டால் நாலடி தள்ளி நடப்பவள். "இதெல்லாம் வேலைக்கு உலை வைக்கிற சமாச்சாரம்" என்று எனக்கே எத்தனையோ தடவை புத்தி சொல்லியிருக்கிறாள். கேட்டுக்குப் பக்கத்தில் நடைபாதையில் உட்கார்ந்து, அந்தக் கீச்சுக் குரலில் அழுதுகொண்டிருந்தாள்.

"நான்தான் சேரவே இல்லையே! நான்தான் சேரவே இல்லையே!"

பத்துப் பேரும் சங்கத்து ஆட்களாக இருந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும் என்று, ஒப்புக்கு ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பது அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவளிடம் எப்படிச் சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப சேரலாமா?" என்று கேட்டாள்.

அந்த நிலைமையிலும் பத்துப் பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டுக்குள்ளிருந்து காவலாளி, இவர்களுக்கென்ன பைத்தியம் பிடித்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தான்.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வேன் சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு, "நீ ஏதாவது தப்பு பண்ணியா?" என்றார்.

"இல்ல."

"அப்ப தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காராத. முகம் கழுவிட்டு வா. யாரைப் போய்ப் பாக்கணும்னு யோசிக்கலாம்."

இந்த மனிதரைக் கட்டிவைத்த என் அப்பா அம்மாவுக்கு அன்றைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். கல்யாணமான புதிதில் இவரை எனக்குப் பிடிக்கவே இல்லை என்பது வேறு கதை.

அவர் வேனில் வரும் ஒரு பிள்ளையின் தாய் வக்கீல். தொழிலாளர் வழக்குதான் பார்ப்பார். சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பத்துப் பேரும் போனால் உட்கார நாற்காலி இல்லை. வக்கீலம்மா தானும் எழுந்து நின்றுகொண்டார். "நீங்கல்லாம் நிக்கும்போது நான் மட்டும் எப்படி உக்கார்றது?" என்றார். முதல் நாளிலேயே எங்களுக்கு அவர் மேல் நம்பிக்கை வந்ததற்கு அவர் படித்த சட்டம் காரணமில்லை, இதுதான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டு விரலை நீட்டினார்.

"ரெண்டு விஷயம் நிரூபிக்கணும். ஒண்ணு, சங்கத்தைப் பாத்துத்தான் ஆள் பொறுக்கினாங்க. அது பட்டியலைப் பாத்தாலே தெரியுது. இன்னொண்ணு, வேலை குறையவே இல்ல. அதுதான் கஷ்டம். மிஷின் வந்துட்டதால வேலை குறைஞ்சுதுன்னு அவங்க சொல்வாங்க. மிஷின் நிஜமாவே ஓடுதா?"

எங்களுக்குத் தெரியாது. நாங்கள்தான் வெளியே இருக்கிறோமே.

அதற்கு நெட்டைதான் கண்ணாக இருந்தாள். அவளும் சங்கத்தில் இல்லாதவள். வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா, பயந்துகொண்டு ஒதுங்கியே இருந்துவிட்டாள். நான் வெளியேறிய அன்று அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அது உறுத்தியது. மூன்றாம் நாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டால் வரவில்லை.

"அக்கா, நேத்து நான் கையெழுத்து போட்டுட்டேன். நான் மட்டும் இல்ல, இருபத்திரண்டு பேர். உங்களை அனுப்பினா சங்கம் செத்துப் போயிடும்னு நெனச்சாங்க போல. இப்ப நாங்க முப்பதுக்கு மேல இருக்கோம்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கு உங்களைத் திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா அழுதிருப்பேன், அதான்."

அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். அன்றிலிருந்து உள்ளே நடப்பது எல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. மிஷின் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மூலையில் தூங்குகிறது. எங்கள் இடத்தில் ஏஜென்சி மூலமாகப் புது ஆட்கள் பதினோரு பேர் வந்துவிட்டார்கள். பத்துப் பேர் அதிகம் என்று அனுப்பிவிட்டுப் பதினோரு பேரைக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

வக்கீலம்மாவிடம் ஓடினோம். அவர் சந்தோஷப்பட்டார், ஆனால் முழுசாக இல்லை.

"நெட்டை சொன்னா, அவ இப்ப சங்கத்து ஆள், உங்களுக்காகச் சொல்றாம்பாங்க. ஏஜென்சி ஆட்களை வேற வேலைக்குன்னு காகிதத்துல காட்டிடுவாங்க. மிஷினைப் பத்தித் தெரிஞ்சவங்க, சங்கத்துக்குச் சம்பந்தமில்லாதவங்க யாராவது சொன்னாத்தான் எடுபடும்."

ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்படி ஒருவர்தான் இருந்தார். அவரும் என்னோடு பேசாதவர்.

மறுநாள் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் காத்திருந்தேன். ஸ்பேனர் வந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல மேலே பார்த்தார். அங்கே ஒழுகுவதற்குக் குழாய் எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் கீழே பார்த்தார்.

"அண்ணே, ஒரே ஒரு நிமிஷம்."

"எனக்கு வேலை இருக்கும்மா."

"அந்தத் தடுப்பு விஷயத்துல உங்களுக்கு மெமோ வந்தது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. நீங்க எழுதிக் கேட்டிருந்தீங்கன்னும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதையும் அதிகாரிகிட்ட சொல்லியிருப்பேன். அதுக்கு மன்னிச்சுக்கோங்க. இதை எப்பவோ சொல்லியிருக்கணும்."

டீயை ஒரே மடக்கில் குடித்தார். அவ்வளவு சூட்டை எப்படித்தான் குடித்தாரோ.

"மிஷினைப் பத்திக் கேக்கத்தானே வந்தீங்க? என்னை எதுக்கும் கூப்பிடாதீங்க. உங்க சங்கம் வேணாம், அவங்க சங்காத்தமும் வேணாம். நான் உண்டு, என் மிஷின் உண்டுன்னு இருக்கறவன். விட்டுடுங்க."

போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கிற மனிதர். இருபது வருடம் ஒரே இடம். அவர் ஏன் எனக்காகக் கழுத்தை நீட்ட வேண்டும்?

வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. நினைத்துப் பார்த்தால் அந்தப் பதினான்கு மாதத்தில் நான் பட்ட கஷ்டத்தை விட, எனக்குக் கிடைத்த மனிதர்கள்தான் முன்னால் வந்து நிற்கிறார்கள். என் நாத்தனாரோடு எனக்கு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. அவள் திடீரென்று ஒரு தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். "அண்ணி, எனக்குத் திரைச்சீலை தைக்கற ஆர்டர் நிறைய வருது, ஒத்தை ஆளா முடியல, உதவி பண்ணுங்க" என்றாள். பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு அப்படியொன்றும் ஆர்டர் குவியவில்லை, இருந்ததில் பாதியை எனக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டம்மா கோர்ட்டு நாளில் எல்லாம் என் சின்னவளுக்குத் தலைபின்னி அனுப்பினார். நான் பின்னுவதை விட நன்றாகப் பின்னுவார். வழக்கு முடிந்த பிறகும் சின்னவள் அவரிடமே போய் நிற்கிறாள்.

கீச்சுதான் எங்களையெல்லாம் ஆச்சரியப்படுத்தினாள். வாரத்தில் ஒரு நாள் பத்துப் பேரும் என் வீட்டில் கூடுவோம். ஒரு நாள்கூட அவள் வராமல் இருந்ததில்லை. தேதிகள், கடிதங்கள், மதிப்பெண் தாள்கள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஒரு பைலில் வைத்துக்கொண்டாள். நாலடி தள்ளி நடந்தவள், வக்கீலம்மா எந்தக் காகிதம் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேர் மனசு தளர்ந்து, கம்பெனி கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடலாம் என்றபோது, அவர்கள் வீட்டுக்கே போய் அந்தக் கீச்சுக் குரலில் ஒரு மணி நேரம் பேசி அழைத்து வந்ததும் அவள்தான். "அவ குரலைக் கேக்கறதுக்கு கேஸே நடத்திடலாம்னு வந்துட்டேன்" என்றாள் அதில் ஒருத்தி.

கம்பெனி தன் சாட்சிகளின் பட்டியலைக் கொடுத்தது. வக்கீலம்மா அதை என்னிடம் நீட்டினார். முதல் பெயர் மேனேஜர். இரண்டாவது பெயர் மெக்கானிக்.

பட்டியலை இன்னொரு தடவை படித்தேன். கூப்பிடாதீங்க என்றவர், அவர்கள் கூப்பிட்டால் போகிறாரே. போகாமல் எப்படி இருப்பார், சம்பளம் கொடுப்பவர்கள் அவர்கள்தானே? மிஷின் ஓடுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் கதை முடிந்தது.

தீர்ப்பாயம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. நீளமான அறை, மேலே இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றாது. அன்றைக்கு ஸ்பேனர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். பையில் ஸ்பேனர் இல்லை. அது இல்லாமல் அவரைப் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது. கூண்டில் ஏறி உள்ளதைச் சொல்வதாகச் சத்தியம் செய்தார்.

கம்பெனி வக்கீல் கேட்டார், "புது மடிப்பு மிஷின் உங்க பொறுப்புலதானே இருக்கு?"

"ஆமாங்க."

"நல்ல மிஷினா?"

"ரொம்ப நல்ல மிஷினுங்க."

"ஒரு மணி நேரத்துக்கு எத்தனை விரிப்பு மடிக்கும்?"

"அறுநூறுன்னு அதோட புத்தகத்துல போட்டிருக்குங்க."

"கையால மடிச்சா?"

"ஒரு ஜோடி எண்பது, தொண்ணூறு மடிக்கும். கை தேர்ந்தவங்கன்னா நூறு."

"போதும்," என்று கம்பெனி வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். மேனேஜர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கீச்சு என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது.

எங்கள் வக்கீலம்மா எழுந்தார். கையில் காகிதம்கூட இல்லை.

"புத்தகத்துல அறுநூறு. சரி. நம்ம நிலையத்துல அந்த மிஷின் இதுவரைக்கும் எத்தனை விரிப்பு மடிச்சிருக்கு?"

 ஸ்பேனர் மேனேஜரைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணுகூட இல்லீங்க."

அறையில் ஒரு சலசலப்பு. நடுவராக உட்கார்ந்திருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுகூட மடிக்கலீங்க ஐயா. அந்த மிஷின் காத்தழுத்தத்துல ஓடறது. அதுக்குக் கம்ப்ரசர் வேணும். நம்மகிட்ட கம்ப்ரசர் இல்ல. வாங்கித் தாங்கன்னு மூணு தடவை எழுதிக் குடுத்திருக்கேன். நகல் என் பதிவேட்டுல இருக்கு. கொண்டு வந்திருக்கேன்."

பையைத் திறந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு தடித்த நோட்டை எடுத்தார். கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்து, சாட்சி தன்னிடம் இதையெல்லாம் சொல்லவில்லை என்றார்.

"நீங்க கேக்கலீங்களே சார்," என்றார் ஸ்பேனர். "நல்ல மிஷினான்னு கேட்டீங்க. நல்ல மிஷின்தான். ஓடுதான்னு கேக்கல."

நடுவர் சிரிப்பை அடக்க இருமினார்.

"அப்போ இந்த ஒரு வருஷமா விரிப்பையெல்லாம் யார் மடிக்கிறாங்க?" என்றார் வக்கீலம்மா.

"ஏஜென்சி ஆளுங்கம்மா. பதினோரு பேர். பாவம், அவங்களைக் குறை சொல்லக்கூடாது, யாரும் சொல்லிக் குடுக்கல. ஆனா முனை முனையோட சேர்றதில்ல. ஆஸ்பத்திரியிலேர்ந்து திருப்பி அனுப்பறாங்க." நோட்டைக் கூண்டின் விளிம்பில் வைத்தார். "இந்தம்மா இருந்தப்ப ஒரு விரிப்புகூடத் திரும்பி வந்ததில்ல."

என்னைக் காட்டவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆனாலும் அறையிலிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கண் மறைத்துவிட்டது. ஒத்துழைப்பு பூஜ்யம் என்று எழுதிய தாளைப் பார்த்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

கடைசியாகக் கம்பெனி வக்கீல் கோபமாகக் கேட்டார், "நீங்க சங்கத்துல ரகசியமா சேர்ந்துட்டீங்களா?"

"இல்லீங்க. எனக்கு அவங்க மேல வருத்தம்கூட உண்டு. ஆனா ஓடாத மிஷினை ஓடுதுன்னு சொல்ல என்னால முடியாதுங்க. நான் மெக்கானிக்."

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஆட்குறைப்பு என்பது வெறும் போர்வை, சங்கத்தில் இருந்ததற்காகத்தான் வேலைநீக்கம் நடந்திருக்கிறது, இது சட்டவிரோதம், எல்லோரையும் பழைய வேலையில், இடைப்பட்ட காலத்தின் சம்பளத்தோடு சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. வக்கீலம்மா நின்றபடியே வாசித்தார். பத்தாவது பெயராகக் கீச்சுவின் பெயரும் இருந்தது. அவளைப் பற்றி நடுவர் தனியாக ஒரு பத்தி எழுதியிருந்தார்: உண்மையான நோக்கத்தை மறைப்பதற்காகவே இவர் சேர்க்கப்பட்டார் என்று. அவள் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். "என்னைப் பத்தி ஒரு பத்தி!" என்றாள்.

எட்டுப் பேர் திரும்பிப் போனோம். இரண்டு பேருக்கு அதற்குள் வேறு நல்ல வேலை கிடைத்திருந்தது, அவர்கள் போகவில்லை. பின்வாசலில் நெட்டை நின்றிருந்தாள். ஒரு விரிப்பின் இரண்டு முனையை என் கையில் கொடுத்தாள். முதல் பத்து விரிப்பு கோணல்மாணலாகத்தான் வந்தது. மதியத்துக்குள் கை பழகிவிட்டது.

ஏஜென்சி ஆட்களை என்ன செய்வது என்று நிர்வாகம் முழித்தது. அவர்களை வெளியே அனுப்பக் கூடாது, வேலை இருக்கிறது என்று சங்கம் சொன்னது. ஏழு பேரை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். நாலு பேருக்கு முடியவில்லை. அது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

ஸ்பேனருக்கு மறுபடி ஒரு மெமோ கொடுத்தார்கள், நிர்வாகத்தின் நலனுக்கு எதிராக நடந்ததாக. சங்கம் எழுதிய பதிலைப் படித்துவிட்டு ஒரே வாரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பதிலையும் நான்தான் எழுதினேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நன்றி சொல்லப் பட்டறைக்குப் போனபோதெல்லாம், "கை வேலையா இருக்கேன்" என்று மிஷினுக்கு அடியில் நுழைந்துகொண்டார். கால் மட்டும் வெளியே தெரியும். காலிடம் எவ்வளவு நன்றி சொல்வது?

ஒரு லீவு நாளில் நானும் என் வீட்டுக்காரரும் அவர் வீட்டுக்கே போய்விட்டோம். மூன்று மாடி ஏற வேண்டும். கதவைத் திறந்தது அவர் மனைவி. குட்டையான, உருண்டை முகம் கொண்ட பெண். கையில் ஈரத்துணி. நான் யார் என்று சொன்னதும் துணியை அப்படியே நாற்காலியில் போட்டார்.

"நீங்கதானா அது? உள்ள வாங்க, வாங்க. அவர் கடைக்குப் போயிருக்கார், இப்ப வந்துடுவார்."

இரண்டு அறை. ஜன்னலோரம் பழைய சுவர்க்கடிகாரங்கள் நாலைந்து பிரித்துப் போட்டுக் கிடந்தன. மிஷின் பைத்தியம் வீட்டிலும் உண்டு போல. நாங்கள் எதற்கு வந்தோம் என்பதைச் சொன்னேன். அவரால்தான் பத்துக் குடும்பம் நிமிர்ந்து நிற்கிறது என்றேன்.

அந்தம்மா கடிகாரங்களை ஒதுக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அவரைக் கூப்பிட்டு மேனேஜர் பேசினாரும்மா. மிஷின் ஓடுதுன்னு மட்டும் சொல்லிடு, மத்ததை நாங்க பாத்துக்கறோம்னு. ஓய்வுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு, யோசிச்சுக்கோன்னாராம். வீட்டுக்கு வந்து பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தார். அந்தக் கடிகாரத்தைக்கூடத் தொடல. நாலு நாள் அப்படியே. அஞ்சாம் நாள் என்கிட்ட சொன்னார், 'நான் என்ன பண்ணட்டும்?'னு. இருபத்தெட்டு வருஷத்துல என்கிட்ட அவர் கேட்ட முதல் யோசனை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேலை போனா போகட்டும், நான் நாலு வீட்டுல சமைச்சுப் போட்டுக் காப்பாத்தறேன், நீங்க போய் உள்ளதைச் சொல்லுங்கன்னேன்." சொல்லிவிட்டு அந்தம்மாவுக்கே வெட்கம் வந்துவிட்டது. ஈரத்துணியை எடுத்து மடித்தார். "உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க. உங்களை எனக்குத் தெரியக்கூடத் தெரியாது. பொய் சொல்லிட்டு வந்தார்னா அப்புறம் காலம் பூரா அதையே நெனச்சுப் புழுங்கி என் உயிரை வாங்குவார். அவர்கூட இருக்க வேண்டியவ நான்தானே?"

என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை மாதம் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களை மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். முகமே தெரியாமல் ஒருத்தி, மூன்றாவது மாடியில், நாலு வீட்டுக்குச் சமைக்கத் தயாராகி எங்களுக்காக நின்றிருக்கிறாள். அவள் சொல்லாவிட்டால் இது எனக்குக் கடைசிவரை தெரிந்தே இருக்காது. எழுந்து போய் அந்தம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஏதோ சொன்னேன். அவர், "சரி சரி, உக்காருங்க, டீ போடறேன்" என்று கையை உருவிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஸ்பேனர் உள்ளே வந்தார். எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். நுழைந்துகொள்ள ஒரு மிஷினும் இல்லை.

"நல்லா மாட்டிக்கிட்டீங்களா?" என்றார் அவர் மனைவி.

"வாங்க," என்றார் ஸ்பேனர், என்னைப் பார்த்து. மூன்றரை வருடத்தில் முதல் முறையாக நேராக முகத்தைப் பார்த்து. பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல், "கம்ப்ரசர் வருதாம், அடுத்த மாசம். ஆர்டர் போட்டாச்சு," என்றார்.

"வரட்டும் அண்ணே," என்றேன். "ஓட்டக் கத்துக் குடுங்க. நானும் நெட்டையும்தான் முதல்ல நிப்போம்."

அவர் எதிரே உட்கார்ந்து, அந்த மிஷின் விரிப்பை எப்படி வாங்கி, எப்படிக் காற்றால் தட்டி மடிக்கும் என்று இரண்டு கையாலும் செய்து காட்ட ஆரம்பித்தார். டீ ஆறுகிறது, குடித்துவிட்டுப் பேசுங்கள் என்று அவர் மனைவி இரண்டு தடவை சொன்னார். அவர் காதில் விழவில்லை.